கட்டிப் பார்க்கிற ஞாபகம்

எல்லவிலிருந்து தெமோதரைக்குப் போகிற கோச்சி, கொட்டுவலைப் பள்ளத்தை ஒன்பது வளைவுகளின் மேல் கடக்கிறது. இலங்கைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் அந்தப் பாலத்தைப் படம் எடுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. பார்த்துவிட்டு ஏறி வரும் வழியில் கடைகள் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம், படம் அச்சடித்த டீ-சேர்ட், மர யானை, தேயிலைப் பொட்டலம் என்று ஏதோ ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். இந்த இடத்துக்கு வந்தோம் என்பதற்கு அவை சாட்சி. உருக்குச் சட்டம் ஏதும் இல்லாமல் அந்தப் பாலம் ஏன் நிற்கிறது, யார் நிறுத்தினார்கள் என்பதை அவை சொல்வதில்லை.

சிகாகோவிலும் பாரிசிலும் சிங்கப்பூரிலும் விற்கிற ஒரு நினைவுப் பொருள் இதற்கு நேர் எதிரானது. பெட்டியை வாங்கும்போது அதற்குள் கட்டடம் இருக்காது. கைவிரல் அளவுக் கட்டைகளும் ஒரு சிறு புத்தகமும் மட்டுமே இருக்கும். வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து, அடியிலிருந்து நுனிவரை தானே கட்டி முடிக்க வேண்டும். முடித்த பிறகு அந்தக் கட்டடத்தின் இடுப்பு எங்கே, பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பொருள் பிறந்த கதையை ஊவா மாகாணத்து நமுனுகுல மலையடியில் இருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலையும் பொருளும் இல்லாத காலத்தில் கைத்தொழில்காரர்கள் செய்து பார்த்த காரியங்களால் ஆனது அதன் வரலாறு. எங்கள் பாலத்தின் கதையும் அதே வகையைச் சேர்ந்தது.

தக்கையில் ரோம்

கட்டடத்தைச் சிறிதாக்கி வீட்டுக்கு எடுத்துப் போகும் ஆசை பழையது. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இத்தாலிக்கு நெடும்பயணம் போவார்கள். அவர்களுக்காக ரோமில் அந்தோனியோ கிக்கி போன்ற கலைஞர்கள் இடிந்த கோயில்களையும் வெற்றி வளைவுகளையும் தக்கையில் செதுக்கி விற்றார்கள். தக்கையின் பொத்தல் நிறைந்த மேற்பரப்பு, காலம் அரித்த ரோமானியக் கல்லை அப்படியே காட்டியது. கிக்கி செய்த மாதிரிகள் ஜெர்மனியின் காசெல் நகரத்தில் இன்றும் தொகுப்பாக இருக்கின்றன. லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்திலும் தக்கைக் கோயில்களைப் பார்க்கலாம். அவை விலை உயர்ந்தவை. செதுக்கியவன் கையோடு வேலை முடிந்துவிடும். வாங்கியவன் பார்க்கலாம், பிரித்துச் சேர்க்க முடியாது.

பிரித்துச் சேர்க்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தது. ஜெர்மானிய ஆசிரியர் பிரீட்ரிக் புரோபெல் 1830-களில் சிறு பிள்ளைகளுக்கென மரக்கட்டைப் பெட்டிகளை வகுத்தார். அமெரிக்காவில் 1876-இல் நடந்த பிலடெல்பியா கண்காட்சியில் அவற்றைப் பார்த்த ஒரு தாய் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிறுவன் பிராங்க் லாயிட் ரைட். அமெரிக்காவின் தலைசிறந்த கட்டடக் கலைஞராக வளர்ந்த அவர், அந்தக் கட்டைகள் தன் விரலிலேயே தங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவருடைய மகன் ஜான், தந்தை டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்ட முனைந்த காலத்தில் அதன் அடித்தளத்து உத்தரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் முறையைக் கண்டு, காடியில் பொருந்துகிற மரத்துண்டு விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். லிங்கன் லாக்ஸ் என்ற பெயரில் அது அமெரிக்க வீடுகளில் பரவியது. அந்த ஹோட்டல் 1923-இல் திறந்த நாளிலேயே டோக்கியோவை உலுக்கிய பெரும் பூகம்பத்தைத் தாங்கி நின்றது; 1960-களின் முடிவில் இடித்தார்கள். 2013-இல் 1,188 துண்டுகள் கொண்ட லெகோ பெட்டியாக அது திரும்பி வந்தது. ஒரு கட்டடம் பொம்மையைப் பெற்றது. இடிந்த பிறகு பொம்மையே அதை மறுபடி நிறுத்தியது.

1880-களில் ஜெர்மனியின் ருடோல்ஸ்டாட் ஊரில் ஆங்கர் கட்டைகள் வந்தன. குவார்ட்ஸ் மணல், சுண்ணாம்பு, ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் அழுத்திச் செய்த செயற்கைக் கல் அது. கண்டுபிடித்தவர்கள் ஒட்டோ, குஸ்டாவ் லிலியந்தால் சகோதரர்கள். விற்றுப் பெயர் பெற்றவர் ரிக்டர். மூத்தவரான ஒட்டோதான் பின்னாளில் இறக்கை கட்டிக் குன்றிலிருந்து பறந்து காட்டியவர். ஆங்கர் கட்டைகளால் தேவாலயங்களையும் கோட்டைகளையும் கட்டலாம். ஆனால் அவை வெறும் பாரத்தில் நிற்பவை. மேசையைத் தட்டினால் கோபுரம் சரியும். பயணப் பொருளாக மாற, கட்டை கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேலை இல்லாத தச்சன்

டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்தில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1916-இல் ஒரு தச்சுப்பட்டறையை வாங்கினார். வீடு கட்டுவது, தேவாலய வேலை, பண்ணைத் தளவாடம் எல்லாம் அவருடைய தொழில். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் பண்ணைக்காரர்கள் கையில் பணம் இல்லை. வீடு கட்ட ஆள் கூப்பிடுவார் இல்லை. ஏணி, இஸ்திரி மேசை போன்ற சிறிய சாமான்களைச் செய்து பார்த்தவர், 1932-இல் மர விளையாட்டுப் பொருட்களில் இறங்கினார். பெரிய வேலை நின்றுபோன தச்சன் அதே நேர்த்தியைச் சிறிய பொருளில் காட்டினான். இந்தக் கதை முழுவதிலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவர் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கத் துணிந்தார். சிறிய பட்டறைக்கு அது பெரும் செலவு. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பவர் தன் கிட்டிகிராப்ட் நிறுவனத்தின் பெயரில், தலையில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டையின் மாதிரி பில்லுண்டுக்கு வந்தது. சில மாற்றங்களோடு 1949-இல் டென்மார்க்கிலும் அதேபோன்ற கட்டை விற்பனைக்கு வந்தது. பேஜ் 1957-இல் இறந்தார். கிட்டிகிராப்டின் உரிமையை ஓலே தொடங்கிய நிறுவனமான லெகோ 1981-இல் வாங்கியது. கட்டையின் முதல் வடிவத்தில் ஓர் ஆங்கிலேயரின் மூளையும் இருக்கிறது என்பதை எந்தப் பிறந்த கதையும் மறைக்கக் கூடாது.

அந்தத் தொடக்கக் கட்டையின் வயிறு காலியாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். தூக்கினால் கழன்று விழும். ஓலேயின் மகன் கோட்பிரட் 1954-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு பெரிய கடையின் கொள்முதல் அதிகாரியோடு பேசினார். விளையாட்டுப் பொருட்களில் ஒழுங்கே இல்லை, ஒன்றோடு ஒன்று சேரும் முறை எதிலும் இல்லை என்று அந்த அதிகாரி குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறையைத் தீர்க்கக் கோட்பிரட்டிடம் ஏற்கெனவே கட்டை இருந்தது. பிடி மட்டும் இல்லை. நான்கு ஆண்டுகளில் பிடியும் கிடைத்தது. 1958 ஜனவரி 28-இல் அவர் பதிவு செய்த காப்புரிமையில், எட்டுக் குமிழ்க் கட்டையின் வயிற்றுக்குள் மூன்று குழாய்கள் இருந்தன. கீழ்க் கட்டையின் குமிழ் மேல் கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இறுகி நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஓலே காலமானார்.

குமிழ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், மெல்லிய தகட்டின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2 மில்லிமீட்டர். 1963 முதல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள், வளையாமல், சுருங்காமல், நிறம் மங்காமல் அளவு நிலைத்தது. 1958-இன் கட்டையை இன்றைய கட்டையோடு பொருத்தினால் பிடிக்கிறது. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாக அடுக்கலாம் என்று கணிதப் பேராசிரியர்கள் கணக்கிட்டார்கள்.

பார்க்க வந்த கூட்டம்

கட்டை கட்டடக் கலைஞன் கைக்குப் போக வேண்டும் என்ற எண்ணமும் அப்போதே முளைத்தது. கோட்பிரட் 1960-களின் தொடக்கத்தில் தன் வீட்டை இந்தக் கட்டைகளாலேயே மாதிரி செய்து பார்த்தார். கட்டை உயரமாக இருந்ததால் வீட்டின் அளவு சரியாக விழவில்லை. அதற்காக வந்ததுதான் மெல்லிய தகடு. 1963-இல் கட்டடக் கலைஞர்களுக்கென்றே மொடுலெக்ஸ் என்ற சிறிய கட்டையும் வந்தது. பிள்ளைகளின் பெட்டிக்குள் இருந்த தகடு, முதலில் ஒரு வீட்டு வரைபடத்துக்காகப் பிறந்தது.

இன்னொரு பக்கம், பில்லுண்ட் தொழிற்சாலையின் கண்காட்சி மாதிரிகளைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலைக்கு இடைஞ்சல் ஆகிற அளவுக்குக் கூட்டம். 1968 ஜூன் 7-இல் லெகோலாந்து பூங்கா திறந்தது. டக்னி ஹோல்ம் என்ற சிற்பியின் கையில் டென்மார்க்கின் துறைமுகங்களும் வீதிகளும், பிறகு உலகத்தின் பேர்பெற்ற கட்டடங்களும் கட்டையில் எழுந்தன. பயணிகள் கட்டடத்தைப் பார்க்க வந்த இடத்தில் கட்டையைப் பார்த்தார்கள். எடுத்துப் போகிற அளவில் அது இன்னும் வரவில்லை. அதற்கு 40 ஆண்டுகள் பிடித்தன.

ஒன்பது குழாய்க் கோபுரம்

சிகாகோவைச் சேர்ந்த அடம் ரீட் டக்கர் படித்த கட்டடக் கலைஞர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் வானுயரக் கட்டடங்களைப் பார்த்து மக்கள் அஞ்சினார்கள். கட்டடத் தொழிலிலும் வேலை குறைந்தது. அந்தக் கட்டடங்களோடு ஜனங்கள் மீண்டும் நட்பாக வேண்டும் என்று நினைத்த டக்கர், சிறுவயதில் விளையாடிய கட்டைகளை வாங்கிவந்து ஆள் உயரத்தையும் தாண்டிய கோபுர மாதிரிகளைக் கட்டினார். கண்காட்சிகளில் பெரியவர்கள் அவற்றின் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். லெகோ நிறுவனத்தில் புதிய முயற்சிகளைக் கவனித்த போல் ஸ்மித்-மேயர் அதைக் கண்டுகொண்டார்.

அவர்கள் செய்த முதல் சோதனை இந்தக் கதையின் மையம். ஆலையில் புதிய அச்சு எதுவும் வெட்டவில்லை. ஏற்கெனவே உள்ள கட்டைகளையே எடுத்து, பெட்டிகளை டக்கர் தானே கட்டினார். அவை முதலில் விற்றது பொம்மைக் கடையில் இல்லை. சிகாகோவின் நினைவுப் பொருள் கடைகளில். 69 துண்டுகளுக்கு விலை சுமார் 20 டாலர். விளையாட்டுக் கடையின் கணக்குப்படி அது அதிகம்; ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணியின் கணக்குப்படி நியாயம். பெட்டிகள் சீக்கிரமே தீர்ந்தன. 2008-இல் லெகோ ஆர்க்கிடெக்சர் என்ற வரிசை பிறந்தது. முதல் இரண்டு பெட்டிகள் சியர்ஸ் டவரும் ஜோன் ஹன்கொக் சென்டரும்.

அந்த இரண்டு கட்டடங்களும் நம் பக்கத்து மண்ணில் பிறந்த ஒரு பொறியாளருடையவை என்பது பலருக்குத் தெரியாது. 1929-இல் டாக்காவில் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான், கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமோடு சேர்ந்து இரண்டையும் வடிவமைத்தார். சியர்ஸ் டவருக்கு அவர் கண்ட வழி, ஒன்பது சதுரக் குழாய்களை மூன்று மூன்றாகக் கட்டி ஒரே கட்டாக நிறுத்துவது. காற்று தள்ளும்போது ஒன்பதும் ஒன்றையொன்று பிடித்துத் தாங்கும். இரண்டு குழாய்கள் 50-ஆவது மாடியில் நிற்கும், இரண்டு 66-இல், மூன்று 90-இல். மிச்சம் இரண்டு உச்சிக்குப் போகும். 442 மீட்டர் உயரத்துக் கட்டடத்தின் முழுச் சூத்திரமும் இவ்வளவுதான்.

இதைக் கறுப்புக் கட்டைகளில் கட்டும்போது ஒவ்வொரு குழாயும் எங்கே நிற்கிறது என்று விரல் தேட வேண்டியிருக்கிறது. படம் பார்த்தவருக்கு அது படி வைத்த கோபுரம். கட்டியவருக்கு அது ஒன்பது குழாய். 69 துண்டுகளில் ஒரு பொறியாளரின் யோசனையை அந்நியர் கைக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது என்பதே இந்தப் பொருளின் உண்மையான பிறப்பு. பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தில் கட்டடத்தின் வரலாறும் கட்டியவர் பெயரும் இருந்தன. அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

2009-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் ரைட்டின் குகன்ஹைம் அருங்காட்சியகமும் அருவிமேல் அமைந்த அவருடைய வீடும் வந்தன. பிறகு வெள்ளை மாளிகை, புர்ஜ் கலீபா, சிட்னி ஒபெரா மண்டபம், ஈபிள் கோபுரம். 2016 முதல் ஒரு நகரத்தின் பல அடையாளங்களை ஒரே வரிசையில் நிறுத்துகிற பெட்டிகள் வந்தன. சியர்ஸ் டவருக்கு 2009-இல் வில்லிஸ் டவர் என்று பெயர் மாறியதும் பெட்டியின் பெயரும் மாறியது.

தாஜ்மகாலும் சிங்கப்பூரும்

ஆர்க்கிடெக்சர் வரிசை பிறந்த அதே 2008-இல் தாஜ்மகால் 5,922 துண்டுகளில் வந்தது. அந்தக் காலத்தில் லெகோவின் மிகப் பெரிய பெட்டிகளில் ஒன்று அது. விற்பனை நின்ற பிறகு சேகரிப்பாளர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். 2017-இல் 5,923 துண்டுகளோடு மறுபடி வந்தது. 2021-இல் ஆர்க்கிடெக்சர் வரிசையில் 2,022 துண்டுகளில் சிறியதாக வந்தது. வட்டக் கும்மட்டத்தைச் சதுரக் கட்டையால் எப்படி வளைப்பது என்ற கேள்விக்குப் பெரிய பெட்டியும் சிறிய பெட்டியும் இரண்டு பதில் சொல்கின்றன. ஆக்ராவில் தலைமுறை தலைமுறையாகப் பளிங்கில் தாஜ் செதுக்கி விற்கிறவர்கள் இருக்கும்போதே இதுவும் விற்றது. ஒன்று பார்க்கிற பொருள், மற்றது கட்டுகிற பொருள். இரண்டுக்கும் வாங்குகிறவர் வேறு.

தமிழரின் பயணப் பைகளில் அதிகம் வந்து சேரக்கூடியது சிங்கப்பூர்ப் பெட்டி. 2022-இல் 827 துண்டுகளில் வந்த அந்த நகர வரிசையில் மரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரமும் அதன்மேல் கிடக்கிற தளமும், புல்லர்டன் ஹோட்டலும், லாவ் பா சாட் சாப்பாட்டுச் சந்தையும் வரிசையாக நிற்கின்றன. உழைக்கும் மக்கள் வந்து சாப்பிடும் சந்தைக் கட்டடம் ஆகாயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சமமாக இடம் பிடித்தது கவனிக்க வேண்டிய விஷயம். ஓர் ஊரின் அடையாளம் எது என்பதைப் பெட்டிக்குள் எதை வைக்கிறோம் என்பதே முடிவு செய்கிறது.

ஜப்பானின் கவாடா நிறுவனமும் 2008-இலேயே நானோபிளாக் என்ற கட்டையைக் கொண்டுவந்தது. 4 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் உயரமும் உள்ள துண்டு அது. உள்ளங்கையில் அடங்குகிற கோயிலும் கோட்டையும் ஜப்பானியச் சுற்றுலாக் கடைகளில் நிரம்பின. ஒரு நிறுவனத்தின் பொருளாகத் தொடங்கியது ஒரு வகையாகவே மாறிவிட்டது.

அப்படி மாறச் சட்டமும் இடம் கொடுத்தது. காப்புரிமைகளின் காலம் முடிந்த பிறகு, குமிழ்க் கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாகக் காக்க லெகோ முயன்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-இல் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010 செப்டம்பர் 14-இல் அதே முடிவுக்கு வந்தது. குமிழ் அழகுக்காக இல்லை, பிடிப்பதற்காக இருக்கிறது. தொழில்நுட்பத் தீர்வை ஒருவர் எந்நாளும் பூட்டி வைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். லெகோ என்ற பெயரும் அதன் பொம்மை மனிதனும் அவர்களுடையவை. ஒன்றோடொன்று பிடிக்கும் கட்டை எல்லோருடையது. சிறிய ஊர்களுக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் வேண்டியது.

முப்பத்தெட்டுக் குமிழில் ஒரு பாலம்

இனி எங்கள் பாலத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து ஏறிய ரயில் பாதை 1894-இல் பண்டாரவளை வந்தது. அங்கிருந்து பதுளைக்குக் கீழிறங்க 30 ஆண்டுகள் ஆயின. 1924-இல்தான் வண்டி பதுளையைத் தொட்டது. ஊவாவின் தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதே பாதையின் நோக்கம். ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் முடிந்தது. நீளம் 91 மீட்டர், அகலம் 7.6 மீட்டர், உயரம் 24 மீட்டர். இலங்கை அரசாங்க ரயில்வேயின் ஹரோல்ட் மார்வூட் அதைக் குறித்து எழுதிய பொறியியல் கட்டுரை 1923-இல் வெளியானது. கட்டியவர் என்று ஊர் போற்றுவது பி. கே. அப்புஹாமியை. பாலத்துக்கு வந்த உருக்கு முதலாம் உலகப் போருக்குத் திரும்பிப் போய்விட்டது, உருக்கே இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று அப்புஹாமி முன்வந்தார் என்பது இங்கே வழங்கும் கதை. கதை எப்படியானாலும், கல்லும் செங்கல்லும் சிமெந்தும் மட்டுமே வண்டியைத் தாங்குகின்றன.

இதை 300-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் நீளம் 30 சென்டிமீட்டர். அது 38 குமிழ். உயரம் 8 சென்டிமீட்டர். எட்டுக் கட்டை அடுக்கினால் சரி. அகலம் மூன்று குமிழ். ஒரு வளைவுக்கு நான்கு குமிழ் ஒதுக்கலாம்: தூணுக்கு ஒன்று, திறப்புக்கு மூன்று. இரண்டு பக்கத்துத் தூணிலிருந்தும் ஒவ்வொரு குமிழ் உள்ளே நீளுகிற தலைகீழ் வளைவுத் துண்டுகளை வைத்து, நடுவில் மிஞ்சும் ஒரு குமிழ் இடத்தை மேல்தகட்டால் மூடினால் கண் திறக்கும். ஒன்பது கண்ணுக்கு 36 குமிழ், கடைசித் தூணுக்கு ஒன்று. 37-இல் பாலம் முடிகிறது. பயணிப் பெட்டி ஒரு குமிழ் அகலத்தில் அதன் மேல் ஓடும்.

கஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பாலம் நேராக இல்லை. மலையோடு சேர்ந்து வளைகிறது. குமிழ்க் கட்டை சதுரக் கட்டத்தில் மட்டுமே உட்காரும். ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாகக் கட்டி, மேல்தளத்தில் ஒற்றைக் குமிழில் பிடிக்கிற தகடுகளால் கோத்தால் வழி பிறக்கும். ஒரு குமிழில் பிடித்த தகடு சுழலும். ஒன்பது துண்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பாலம் வளையும். கட்டுகிறவர் அப்போது ஒன்றைப் புரிந்துகொள்வார்: ஒரே நீளமான பாலமாகத் தெரிவது ஒன்பது சிறு பாலங்களின் கூட்டு.

உருக்கு ஏன் வேண்டியதில்லை என்பதும் அங்கேதான் விளங்கும். வளைவில் அடுக்கிய கல் மேலிருந்து வரும் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குத் தள்ளுகிறது, அது அடுத்ததற்கு. கடைசியில் பாரம் தூண் வழியாக மண்ணுக்கு இறங்குகிறது. கல்லை இழுத்தால் பிளக்கும், அழுத்தினால் தாங்கும். வளைவு இழுப்பை ஒழித்து அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி நிமிர்ந்து நிற்கின்றன. பொம்மையில் கட்டையை நிறுத்துவது குமிழின் பிடி. பாலத்தில் கல்லை நிறுத்துவது அதன்மேல் ஏறும் பாரம். இந்த வித்தியாசத்தை ஒரு பக்கப் படத்தோடு புத்தகத்தில் சொல்லிவிட்டால், பாலத்தைப் பார்த்த பயணி அதை அறிந்த பயணியாகி ஊர் திரும்புவார்.

அடுத்த பெட்டி தெமோதரை. அங்கே பாதை ஸ்டேஷனைத் தாண்டி மலையைச் சுமார் 900 மீட்டர் சுற்றிவந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. மலைப் பாதையில் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்பது விதி. கட்டைக் கணக்கில் 17, 18 குமிழ் தூரத்துக்கு ஒரு தகடு மட்டுமே இறங்கலாம். அவ்வளவு மெதுவாக இறங்க இடம் வேண்டும். இடம் இல்லாத மலையில் பாதை தன்னைத் தானே சுற்றியது. பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர, ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார் என்று ஊவா முழுவதும் சொல்வார்கள். விமலசுரேந்திரவின் பெயர் நிற்கிறது. கங்காணியின் பெயரைக் கதை வைத்திருக்கவில்லை.

பெட்டிக்குள் வரும் புத்தகம்

எனக்கு இந்தப் பொருளில் கட்டையைவிடப் புத்தகம் முக்கியம். சிகாகோப் பெட்டியைத் திறப்பவர் கானின் பெயரை அறியும் வாய்ப்பைப் பெறுகிறார். காந்தத்தில் அந்த வாய்ப்பு இல்லை. மலைநாட்டின் பாதைகளிலும் ரயில் வழிகளிலும் மண் வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், சுரங்கம் குடைந்தவர்கள் பெருவாரியாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். தேயிலையைக் கொய்தவர்களும் அவர்களே, அதை இறக்கும் பாதைக்கு உழைத்தவர்களும் அவர்களே. 2023-இல் மலையகத் தமிழர் தங்கள் வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். அந்த 200 ஆண்டில் அவர்கள் பெயர் தாங்கிய கல்வெட்டு எத்தனை ஸ்டேஷனில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் மனம் கனக்கும். அவர்கள் கட்டியவை நிற்கின்றன; கட்டியவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு வரவில்லை.

எனவே ஊவாவின் பெட்டிகளை ஊவாவிலேயே செய்ய வேண்டும் என்கிறேன். டக்கர் காட்டிய வழி நமக்கும் திறந்திருக்கிறது. அச்சு வெட்ட வேண்டாம், ஆலை வேண்டாம். பொதுச் சந்தையில் விற்கும் சாதாரணக் கட்டைகளை மொத்தமாக வாங்கி, எண்ணிப் பிரித்துப் பெட்டியில் போட்டு, சொந்தமாக எழுதிய புத்தகத்தைச் சேர்த்தால் போதும். வடிவமைக்கப் பொறியியலும் வரைகலையும் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் இருக்கிறார்கள். கணினியில் கட்டைகளை அடுக்கிப் பார்க்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பொதி கட்டும் வேலை லயத்து வீட்டுத் திண்ணையில் நடக்கலாம். எல்லவுக்கு வரும் பணம் ஹோட்டல்களைத் தாண்டி மலைக்கு ஏற இது ஒரு வழி.

எதைக் கட்டலாம் என்பதற்குப் பஞ்சமில்லை. பாலமும் தெமோதரைச் சுற்றும் முதலில் வரட்டும். ஹாலி எலப் பக்கத்துப் போகொடை மரப் பாலம் ஓட்டுக் கூரையோடு காத்திருக்கிறது. கொழுந்து வாட்டும் மாடிகளில் வரிசை வரிசையாகச் சன்னல் வைத்த தேயிலைத் தொழிற்சாலை, குமிழ்க் கட்டைக்கென்றே பிறந்த வடிவம். எல்லவுக்கு அருகே ஹல்பேவத்தைத் தொழிற்சாலையைப் பார்க்கப் பயணிகள் இப்போதே போகிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு லயமும் கட்டாயம் வேண்டும். ஒரே கூரைக்குக் கீழ் அடுத்தடுத்த காம்பராக்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் சிறு திண்ணை. தொழிற்சாலையை மட்டும் விற்றுவிட்டு லயத்தை விட்டால் பாதி உண்மைதான் பயணியோடு போகும். சந்தைக் கட்டடத்துக்கு இடம் கொடுத்த சிங்கப்பூரிடம் இதைக் கற்கலாம்.

புத்தகம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதில் மார்வூட்டின் பெயரும் அப்புஹாமியின் பெயரும் விமலசுரேந்திரவின் பெயரும் இருக்கட்டும். கங்காணிக்கும் ஓர் இடம் வேண்டும். கல் சுமந்தவர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும். ரயில்வேயின் பழைய சம்பளப் பதிவுகளிலும் தோட்டங்களின் பழைய பேரேடுகளிலும் அவர்கள் பெயர்களைத் தேட வேண்டும். தோட்டத்துப் பெரியவர்கள் தங்கள் தாத்தாமாரிடம் கேட்டதை எழுதி வாங்க வேண்டும். கிடைக்கிற பெயர்களை அடுத்த அச்சில் சேர்த்துக்கொண்டே போகலாம். கட்டை முதலில் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்துக்கான வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.